பூட்ஸில் குதிகால் நழுவுது, கொப்புளம் போடுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து மாதம் ஒன்றிரண்டு முறை நண்பர்களோடு ஆனைமலைப் பக்கம் போகிறவன் நான். கோடையில் வெள்ளியங்கிரி, எப்போதாவது கொல்லிமலை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு செய்து போகலாம் என்று வனத்துறை திறந்துவிட்ட பிறகு, வாழ்க்கையில் முதல் தடவை பூட்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஏற ஆரம்பித்து இரண்டாவது மணி நேரத்தில் யாராவது ஒருவர் முகம் சுருங்கி, பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவார். அப்போது கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

ஏனுங்க, பூட்ஸ் ஏன் கடிக்குது? உரசறதுனாலதானே?

உரசல் பாதிக் காரணம்தான். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இடது புறங்கையில் வலது ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்து, விரல் நழுவாமல் முன்னும் பின்னும் அசையுங்கள். விரலோடு தோலும் சேர்ந்து நகரும், அடியில் இருக்கும் எலும்பு நகராது. நடுவில் இருக்கும் தோல் இழுபடுகிறது. பூட்ஸுக்குள் குதிகால் எழும்பி எழும்பி இறங்கும்போது நடப்பதும் இதேதான். சாக்ஸ் தோலைப் பிடித்துக்கொள்கிறது, உள்ளே எலும்பு மேலும் கீழும் போகிறது. திரும்பத் திரும்ப இழுபட்டதில் தோலின் உள்ளடுக்கில் கிழிசல் விழுந்து, அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. மேல்தோல் கிழியாமல் அப்படியே இருக்கும். அதுதான் கொப்புளம்.

பத்து கிலோமீட்டர் நடந்தால் ஒரு காலுக்கு ஆறாயிரம் ஏழாயிரம் அடி வரும். அத்தனை தடவை குதிகால் எழும்பினால் எந்தத் தோலும் தாங்காது. அசைவு, ஈரம், சூடு, இந்த மூன்றும் சேர்ந்தால் கொப்புளம் சீக்கிரம் வரும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றைக் குறைக்கிற வழிதான்.

குதிகால் துளிகூட நழுவக் கூடாதுங்களா?

புது பூட்ஸில் கொஞ்சம் எழும்பத்தான் செய்யும். அடிப்பாகம் விறைப்பாக இருப்பதால் பாதம் வளையும்போது அது கூடவே வளையாது. கால் அங்குலத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம், பழகப் பழகக் குறைந்துவிடும். அரை அங்குலம் எழும்பினால் அது தானாகச் சரியாகாது.

கடையில போட்டுப் பார்த்தப்ப கரெக்டா இருந்துச்சு. மலையில மட்டும் ஏன் இப்படி?

கடைத் தரை சமதளம். சமதளத்தில் குதிகால் அதிகம் எழும்பாது. ஏற்றத்தில் முன்பாதத்தை ஊன்றி உடம்பைத் தூக்குகிறோம், அப்போதுதான் குதிகால் பூட்ஸை விட்டு மேலே வருகிறது. எங்களோடு வந்த ஒரு தம்பி கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் பத்து நாள் புது பூட்ஸோடு நடந்து பழகிவிட்டுத்தான் வந்தார். பத்து நாளும் ஒன்றும் ஆகவில்லை. டாப்ஸ்லிப் பக்கம் ஏற்றத்தில் ஒரு மணி நேரத்தில் இரண்டு குதிகாலிலும் எட்டணா அளவுக்குக் கொப்புளம். அவர் பழக்கியது தப்பில்லை, பழக்கிய இடத்தில் ஏற்றம் இல்லை. அபார்ட்மென்ட் மாடிப்படி, ஊர்ப் பக்கம் கரடு, ரயில்வே மேம்பாலத்துப் படி, இப்படி ஏதாவது ஒன்றில் ஏறி இறங்கிப் பாருங்கள். கோயில் படிகளில் காலணியோடு ஏற முடியாது என்பதால் மருதமலையும் சென்னிமலையும் இதற்கு உதவாது.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகிற சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். லேஸைக் கட்டாமல் காலை உள்ளே விட்டு, விரல்கள் முன்னால் முட்டும் வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஆள்காட்டி விரல் ஒன்று நுழைந்தால் நீளம் சரி.

அப்போ ஒரு சைஸ் கம்மியா வாங்கினா நழுவாதில்லீங்களா?

தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். என் முதல் பூட்ஸை அப்படித்தான் வாங்கினேன். "போகப் போக இளகிடுமுங்க" என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். அகலம் கொஞ்சம் இளகும், நீளம் இளகவே இளகாது. கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கட்டைவிரல் முன்னால் போய் முட்டியது. அந்த நகம் கறுத்து விழுந்து, புது நகம் முழுசாக வளர ஒரு வருடம் ஆனது. விரலுக்கு முன்னால் இடம் வேண்டும், குதிகால் பிடிப்பாக இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. குதிகாலைப் பிடித்து வைப்பது பூட்ஸின் நீளம் கிடையாது, மேல்பாதத்தில் விழுகிற லேஸின் பிடி.

லேஸை நல்லா இறுக்கித்தான் கட்டறேன். அப்படியும் நழுவுதே?

எங்கே இறுக்குகிறீர்கள் என்பதுதான் விஷயம். நிறையப் பேர் மேலே கணுக்காலைச் சுற்றி இறுக்குவார்கள், கீழே தொளதொளவென்று இருக்கும். பாதமும் காலும் சேருகிற மடிப்பு இருக்கிறதே, அந்த இடத்தில் பூட்ஸ் அழுந்திப் பிடித்தால்தான் பாதம் பின்னால் தள்ளப்பட்டுக் குதிகால் அதன் குழியில் உட்காரும்.

செய்முறை இது. உட்கார்ந்துகொண்டு காலை பூட்ஸுக்குள் விட்டு, முன்பாதத்தைத் தூக்கியபடி குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். கால் பின்னால் போய் உட்காரும். லேஸைக் கீழிருந்து ஒவ்வொரு துளையாக இழுத்து வாருங்கள். விரல் பக்கம் மிதமாக இருக்கட்டும், உள்ளே விரல்கள் அசைய வேண்டும். கொக்கிகள் ஆரம்பிக்கும் முன் கடைசித் துளையில், அதாவது அந்த மடிப்புக்குப் பக்கத்தில், வழக்கம்போல ஒரு தடவை குறுக்கே மாற்றாமல் ஒரு லேஸை மற்றொன்றின் மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுங்கள். சட்டென்று இறுகி அங்கேயே நின்றுவிடும். விரலை எடுத்தாலும் தளராது. பிறகு நேர் மேலே இருக்கிற கொக்கியில் மாட்டி, அதற்கு மேல் இன்னொரு தடவை இதே சுற்று. உச்சிக் கொக்கிகளில் மிதமாகக் கட்டினால் போதும்.

கட்டியதும் எழுந்து ஒரு படியில் முன்பாதத்தை மட்டும் வைத்து ஏறிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். பாறையில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்து கொடுப்பது இந்த ஒன்றுதான். நடக்க ஆரம்பித்து இருபது நிமிடத்தில் பூட்ஸ் காலில் படிந்து லேஸ் தளரும், அப்போது நின்று மறுபடி இழுத்துக் கட்டுங்கள். இறங்க ஆரம்பிக்கும் முன்னும் ஒரு தடவை.

அப்படிக் கட்டினா மேல்பாதம் மரத்துப் போகுதுங்க.

நரம்பின் மேல் அழுத்தம் விழுகிறது. வலிக்கிற இடத்துக்கு நேரே இருக்கிற துளையில் மட்டும் குறுக்கே போகாமல், அதே பக்கத்தில் நேராக மேல் துளைக்கு லேஸை ஏற்றிவிடுங்கள். மடிப்பிலுள்ள சுற்று இருக்கட்டும், அதை விட்டால் பிடியே போய்விடும்.

காட்டன் சாக்ஸ்தானுங்களே காலுக்கு நல்லது?

திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களிடம் காட்டனைக் குறை சொல்வது கஷ்டம்தான். பனியனுக்கும் வீட்டில் போடும் துணிக்கும் அதைப்போல வேறு எதுவும் வராது. ஆனால் காட்டன் வேர்வையைக் குடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் சாக்ஸ் நனைந்த துணியாகிவிடும். ஈரத்தில் ஊறிய தோல் சாக்ஸோடு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், உள்ளே இழுபடுவது கூடும். முதல் பதிலில் சொன்ன மூன்றில் இரண்டாவது இதுதான்.

பாலியஸ்டர், நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் போதும், விலையும் அதிகமில்லை. கம்பளி கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. நம்ம ஊர்ச் சூட்டுக்குக் கம்பளியா என்று நினைக்க வேண்டாம், மெல்லிய கம்பளி சாக்ஸ் நனைந்தாலும் கால் சொதசொதவென்று இருக்காது. மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பையில் எப்போதும் இருக்கட்டும். பாதி வழியில் உட்காரும்போது பூட்ஸைக் கழற்றி, காலைப் பத்து நிமிடம் காற்றாட விட்டு, மாற்றிக்கொள்ளுங்கள்.

ரெண்டு சாக்ஸ் போட்டுக்கலாமா?

போடலாம். உள்ளே மெல்லியது, வெளியே கொஞ்சம் தடிமனானது. அசைவு இரண்டு சாக்ஸுக்கும் நடுவில் நடந்துவிடும், தோல் வரை வராது. உள்ளே போடுவது காட்டனாக இருக்கக் கூடாது, சுருக்கமும் இருக்கக் கூடாது. பூட்ஸ் வாங்கும்போதே இரண்டையும் போட்டுப் பார்த்து வாங்கியிருந்தால்தான் இது சரிவரும்.

ஆத்தா தேங்காயெண்ணெய் தடவிட்டுப் போன்னு சொல்லுது. தடவலாங்களா?

தடவினால் முதல் ஒரு மணி நேரம் வழுக்கிக்கொண்டு போகும், சுகமாகத்தான் இருக்கும். எண்ணெயோ வாசலினோ சாக்ஸில் உறிஞ்சப்பட்டு, தோலும் ஊறிப்போன பிறகு பிடிப்பு முன்பு இருந்ததைவிட அதிகமாகிவிடும். மண்ணும் மணலும் வேறு ஒட்டிக்கொள்ளும். தடவுவதென்றால் ஒவ்வொரு மணி நேரமும் துடைத்துத் திரும்பத் தடவ வேண்டும், நாள் முழுக்க நடப்பவர்களுக்கு இது ஆகாது. எண்ணெய் தடவிய காலில் டேப்பும் ஒட்டாது. முதல் நாள் ராத்திரி வரைக்கும் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக் காலை மெத்தென்று வைத்துக்கொள்ளச் சொல்லி ஆத்தா சொன்னால் அது நல்ல யோசனை, கேளுங்கள்.

பவுடர்?

பெரிய பிரயோஜனம் இல்லை. வேர்வையில் கட்டிகட்டியாகி அதுவே உறுத்தும்.

கால் அதிகமாக வேர்ப்பவர்களுக்கு வேர்வையை அடக்கும் மருந்து உண்டு. அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் 1990களில் நடந்த ஓர் ஆய்வில், 21 கிலோமீட்டர் நடைக்கு முன் குறைந்தது மூன்று இரவு அதைப் பூசியவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் கொப்புளம் வந்தது, பூசாதவர்களில் 48 சதவீதம். ஆனால் பூசியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோல் எரிச்சல். தோல் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

டேப் ஒட்டணும்கறாங்களே, எந்த டேப், எப்ப ஒட்டறது?

மருந்துக் கடையில் மைக்ரோபோர் என்று கேட்டால் வெள்ளைக் காகித டேப் தருவார்கள். அது போதும். பல நாள் ஓடுகிற நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் இதைச் சோதித்ததில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. இவ்வளவு மலிவான பொருளுக்கு இது பெரிய பலன் என்றே நினைக்கிறேன்.

வீட்டில், கால் காய்ந்திருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். வழக்கமாக உங்களுக்கு எங்கே கடிக்குமோ அங்கே மட்டும். டேப்பின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள், கூர்மூலை சாக்ஸில் மாட்டிச் சுருண்டு எழும்பும். இழுத்து ஒட்டாமல், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, ஒரே அடுக்காக ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள், அந்தச் சுருக்கமே கடிக்கும். கழற்றும்போது நனைத்து மெதுவாக எடுங்கள்.

குதிகால் காந்துதுன்னு தெரியுது. ஆனா எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க. உச்சிக்குப் போய்ப் பாத்துக்கலாமில்ல?

காந்தல் வந்த அந்த நிமிடமே நில்லுங்கள். தோல் சிவந்து, ஓரிடம் மட்டும் சூடாக, லேசாகக் காந்துகிற நிலையில் இன்னும் கொப்புளம் வரவில்லை. ஐந்து நிமிட வேலை. பூட்ஸைக் கழற்று, சாக்ஸுக்குள் மணல், சுருக்கம் இருக்கிறதா பார், காலைத் துடை, டேப் ஒட்டு, மேலே சொன்ன சுற்று போட்டு லேஸைக் கட்டு. அரை மணி நேரம் தள்ளிப் போட்டால் இரண்டு நாள் நொண்ட வேண்டியிருக்கும்.

கூட்டத்தை நிறுத்தக் கூச்சப்பட்டுப் பேசாமல் நடந்து, இறங்கும்போது இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் தோலே இல்லை, சாக்ஸில் ஒட்டி வந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் ஏற ஆரம்பித்து நாற்பது நிமிடத்தில் எல்லோரையும் நிறுத்தி, "யாருக்காவது காந்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறோம். கூட்டிப் போகிறவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கொப்புளம் வந்தே வந்துருச்சு. குத்தலாமா, வேண்டாமா?

சின்னது, வலிக்கவில்லை என்றால் தொடாதீர்கள். மேல்தோல்தான் அதற்கு நல்ல கட்டு. நடுவில் ஓட்டை விட்ட ஒரு பஞ்சுப் பட்டையைச் சுற்றி வைத்து, அழுத்தம் விழாமல் மூடினால் போதும்.

பெரிசாகி, நடக்கவே முடியவில்லை, இன்னும் இறங்க வேண்டும் என்றால் நீரை வெளியேற்றலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொப்புளத்தையும் புது ஊசியையும் ஸ்பிரிட்டால் துடைத்து, ஓரத்தில் அடிப்பக்கமாக இரண்டு சின்ன ஓட்டை. மெதுவாக அழுத்தி நீரை எடுத்துவிட்டு, மருந்து தடவி மூடுங்கள். மேல்தோலைக் கிழிக்கவோ வெட்டவோ கூடாது. உள்ளே ரத்தம் தெரிந்தால் குத்த வேண்டாம். அடுத்த நாள்களில் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஊசியில நூல் கோத்து உள்ளயே விட்டுட்டா தண்ணி தானா வடிஞ்சிரும்னு பாதயாத்திரையில சொன்னாங்களே?

நீர் வடியும், அதே நூல் வழியாக வெளி அழுக்கும் உள்ளே போகும். வேண்டாம். முந்தைய பதிலில் சொன்ன இரண்டு ஓட்டையே போதும்.

நாங்க வெள்ளியங்கிரிக்கு வெறுங்கால்லதானுங்க ஏறறோம். எங்களுக்கும் கொப்புளம் வருதே?

வெறுங்காலில் குதிகால் நழுவல் இல்லை, உள்ளங்காலில் வரும். முன்பாதத்தில் சதைப்பற்றான இடத்திலும் விரல்களுக்கு அடியிலும். இறங்கும்போது பாதம் கல்லில் பிரேக் போடுகிற மாதிரி தேய்வதுதான் காரணம். பூண்டி அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியை வாங்கி, இறக்கத்தில் பாரத்தை அதில் போட்டு, சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். ஏழு மலையும் ஏறி இறங்கி வரும்போது வெயில் ஏறிவிடாதபடி முன்னிரவிலேயே கிளம்புகிறவர்கள் செய்வது சரியானது, சுடுகல்லும் கொப்புளத்துக்கு ஒரு காரணம். காலணி போடாமல் ஏறுவது அவரவர் வேண்டுதல், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் மண்ணிலும் கல்லிலும் வெறுங்காலோடு நடந்து பழகினால் தோல் கெட்டிப்படும்.

தைப்பூசத்துக்கு உடுமலை வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்குத் தார் ரோடுதான் எதிரி. விடியலுக்கு முன்னும் சாயங்காலத்துக்கு மேலும் நடங்கள். செருப்புப் போடுகிறவர்கள் யாத்திரைக்கென்று புதுசு வாங்காதீர்கள், பழகிய பழைய செருப்பே போதும்.

வால்பாறையில அட்டைக்காக லீச் சாக்ஸ் போட்டா பூட்ஸ் இறுகிப்போகுது. அட்டையா கொப்புளமா, எதைப் பாக்கறது?

இரண்டையும் பார்க்கலாம். லீச் சாக்ஸ் நெருக்கமாக நெய்த துணி, நீளாது, அதன் தையல் சரியாகக் குதிகால் பின்புறத்தில் வரும். அதை உள் சாக்ஸுக்கு மேலே போட்டு, தையலை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு, துணி மடிப்பு பாதத்துக்கு அடியில் வராமல் இழுத்துவிடுங்கள். இரண்டு சாக்ஸ் போடுகிறவர்கள் அன்று ஒன்றை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் தேயிலைக் காட்டை ஒட்டி நடந்தால் எப்படியும் கால் நனையும், ஆகவே டேப் கட்டாயம்.

ஒரு கால்ல மட்டும் கடிக்குதுங்க. பூட்ஸ் கோளாறுங்களா?

இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பவர்கள் குறைவு. பெரிய காலுக்குப் பொருந்துகிற சைஸை எடுங்கள். சின்னக் காலில் பூட்ஸின் நாக்குக்கு அடியில், மேல்பாதம் படுகிற இடத்தில், ஒரு மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டுங்கள். அது பாதத்தைப் பின்னால் தள்ளும்.

குதிகால் பின்னாடி ஒட்டற பேட் வாங்கி ஒட்டினா போதாதா?

அது பாதத்தை முன்னால் தள்ளும். விரல் பக்கம் இடம் குறையும், இறக்கத்தில் நகம் முட்டும். நாக்குக்கு அடியில் ஒட்டுவதுதான் முதலில் செய்து பார்க்க வேண்டியது. பூட்ஸ் ஆழமாக இருந்து பாதம் உள்ளே மிதக்கிற மாதிரி இருந்தால், கொஞ்சம் தடிமனான இன்சோல் போட்டாலும் பாதம் மேலே எழும்பி லேஸின் பிடிக்குள் வரும். பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அது உள்ளேயே வழுக்கும்.

அப்பாவுக்கு சுகர் இருக்குது, 62 வயசு. கூட வர்றேங்கறார். கூட்டிட்டு வரலாங்களா?

முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் காந்தல் தெரியாது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்கிற எச்சரிக்கை மணியே அவருக்கு அடிக்காது என்று அர்த்தம். மருத்துவர் சரியென்று சொன்னால், சின்னப் பாதையாகத் தேர்ந்தெடுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை நீங்களே உட்கார்ந்து அவர் சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். கொப்புளம் வந்தால் குத்துகிற பேச்சே இல்லை, மூடிக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனை.

நீங்க சொன்ன எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். அப்படியும் அதே இடத்துலதான் வருது.

அப்படியானால் அந்த பூட்ஸின் குதிகால் அச்சு உங்கள் காலுக்கு ஒத்துவரவில்லை. சிலருக்குக் குதிகால் ஒடுங்கி இருக்கும், சிலருக்குப் பின்னால் எலும்பு கொஞ்சம் துருத்தி இருக்கும். அந்த எலும்பு அச்சின் ஓரத்தில் இடித்துக்கொண்டே இருந்தால் எந்த லேஸும் காப்பாற்றாது. நீண்ட நாளாக வலியும் வீக்கமும் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். இல்லையென்றால் வேறு கம்பெனி, வேறு மாடல், கணுக்காலுக்குக் கீழே நிற்கிற குட்டை ஷூ என்று மாற்றிப் பாருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிய தோல் பூட்ஸை மூன்று வருடம் போராடிவிட்டு, கால் அகலமான தன் மச்சானுக்குக் கொடுத்தார். மச்சான் போன மாதம் அதே பூட்ஸோடு எங்களுடன் வந்தார், ஒரு தடவைகூட உட்காரவில்லை.